பேட்டையிலிருந்து தேசத்துக்கு

2005 செப்டம்பர் 24. மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் இறுதிப் போட்டியின் கடைசி நொடிகள். சிட்னி ஸ்வான்ஸ் நான்கே புள்ளிகள் முன்னிலையில் இருக்கிறது. வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் வீரர் உதைத்த பந்து கோல் கம்பங்களை நோக்கி உயரமாக வருகிறது. கீழே இரு அணியினரும் முண்டியடிக்கிறார்கள். அந்தக் கும்பலுக்கு மேலே பக்கவாட்டில் பாய்ந்து எழுகிறார் சிட்னியின் லியோ பாரி. பந்து அவர் கைகளில் ஒட்டிக்கொள்கிறது. சைரன் ஒலிக்கிறது.

மேடையில் கோப்பையை வாங்கிய பயிற்சியாளர் பால் ரூஸ், 72 ஆண்டுகளாகக் காத்திருந்தவர்களுக்கு இது என்று சொல்லி அதை உயர்த்தினார். அந்த அணி சிட்னிக்கு வந்தே அப்போது 23 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மீதி 49 ஆண்டுகள் சவுத் மெல்பர்ன் என்ற புறநகருடையவை. அந்த அணியின் ஜெர்சியில் பின்கழுத்துக்குக் கீழே சின்னதாக நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும்: எஸ், எம், எஃப், சி. சவுத் மெல்பர்ன் ஃபுட்பால் கிளப் என்பதன் முதலெழுத்துகள் அவை.

ஆஸ்திரேலியர்கள் ‘ஃபுட்டி’ என்று அழைக்கும் இந்த ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அல்ல. பந்து நீள்வட்டம், மைதானமும் நீள்வட்டம். பக்கத்துக்கு 18 பேர். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளிகள், ஓரத்தில் போனால் ஒன்று. இதன் விதிகளை 1859இல் மெல்பர்ன் கிளப்பைச் சேர்ந்த சிலர் உட்கார்ந்து எழுதினார்கள். 1897இல் எட்டு கிளப்புகளோடு விக்டோரியன் ஃபுட்பால் லீக், சுருக்கமாக வி.எஃப்.எல்., முதல் பருவத்தை ஆடியது. 1925இல் 12 கிளப்புகள் ஆயின. அதன்பின் 1986 வரை அந்த 12 மட்டும்தான். ஜீலாங் ஒன்றைத் தவிர எல்லாமே மெல்பர்ன் நகருக்குள் இருந்தவை. காலிங்வுட், கார்ல்டன், ரிச்மண்ட், ஃபிட்ஸ்ராய், ஃபுட்ஸ்கிரே: நம் சென்னைப் பேச்சில் சொன்னால் எல்லாம் பேட்டை அணிகள். வசிக்கும் தெருவை வைத்தே ஒருவன் எந்தக் கிளப்புக்கு ஆட வேண்டும் என்பதை லீக் முடிவு செய்தது. ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு வட்டாரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த வட்டாரத்துப் பையன் வேறு கிளப்புக்குப் போக வேண்டுமானால் சொந்தக் கிளப் விடுவித்தாக வேண்டும்.

இந்தப் பேட்டைப் பெருமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெர்த்திலும் அடிலெய்டிலும் கேட்டால் அதைச் சொல்வார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் லீக் 1877இல் பிறந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் லீக் 1885இல். இரண்டுமே வி.எஃப்.எல்.லுக்கு மூத்தவை. ஆனால் பணம் மெல்பர்னில் இருந்தது. பெர்த்திலும் அடிலெய்டிலும் வளர்ந்த நல்ல ஆட்டக்காரர்களைப் பல பத்தாண்டுகளாக மெல்பர்ன் கிளப்புகள் விலை பேசி அழைத்துக்கொண்டன. 1933இல் சவுத் மெல்பர்ன் சாம்பியன் ஆனபோது அந்த அணியில் மேற்கு ஆஸ்திரேலியர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அந்த மாநிலத்தின் சின்னமான அன்னப்பறவையே ‘ஸ்வான்ஸ்’ என்ற செல்லப்பெயராக ஒட்டிக்கொண்டது. 1977 அக்டோபரில் ஒரு சோதனை நடந்தது. எங்கே சம்பளம் வாங்கினாலும் சொந்த மாநிலத்துக்கே ஆடலாம் என்று விதி மாற்றி, பெர்த்தில் ஆட்டம் வைத்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியா 94 புள்ளிகளில் விக்டோரியாவைத் துவைத்து எடுத்தது. இத்தனை காலம் தங்களிடமிருந்து எவ்வளவு போயிருக்கிறது என்பதை அன்று பெர்த் ஜனங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள்.

அப்படி ஆள் பிடித்த கிளப்புகளின் கஜானாவோ காலியாகிக்கொண்டிருந்தது. சம்பளம் ஏறியது, கடன் ஏறியது. முதலில் மூச்சுத் திணறியது சவுத் மெல்பர்ன். 1981இல் அதன் நிர்வாகம், அடுத்த ஆண்டிலிருந்து உள்ளூர் ஆட்டங்களையெல்லாம் சிட்னியில் ஆடுவதென்று முடிவெடுத்தது. அங்கே ரக்பிதான் ராஜா. லீக்குக்கோ ஒரு கணக்கு இருந்தது. மெல்பர்னில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அப்போது அனுமதி இல்லை. சிட்னியில் ஆடினால் அதை நேரடியாக மெல்பர்ன் டிவியில் காட்டலாம். சவுத் மெல்பர்னை சவுத் மெல்பர்னிலேயே வைத்திரு என்று ஓர் இயக்கம் கிளம்பியது. உறுப்பினர்களின் வாக்கால் கொஞ்ச நாள் நிர்வாகத்தையே கைப்பற்றியது. ஆனால் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் சிட்னி பக்கம் நின்றார்கள். ஏரிக்கரையில் இருந்த பழைய மைதானத்தில் 1982 பருவத்துக்கு முதல் அணி திரும்பவில்லை. முதல் ஆண்டு வீரர்கள் மெல்பர்னிலேயே குடியிருந்து, ஆட்டத்துக்கு ஆட்டம் விமானம் ஏறி ‘சொந்த’ மைதானத்துக்குப் போய்வந்தார்கள்.

இந்த இடமாற்றத்தில் கிளம்பிய ஒரு சின்ன வழக்குதான் எல்லாவற்றையும் அசைத்தது. சில்வியோ ஃபோஸ்கினி என்ற இளம் வீரர் சிட்னிக்குப் போக மறுத்தார். மெல்பர்னிலேயே செயின்ட் கில்டாவுக்கு ஆட விரும்பினார். கிளப் விடவில்லை. 1983இல் விக்டோரியா உச்ச நீதிமன்றம், ஒருவரின் தொழிலை இப்படிக் கட்டிப்போடுவது செல்லாது என்று தீர்ப்பளித்தது. வட்டார முறையின் அடித்தளமே ஆடிப்போயிற்று. பணம் படைத்த கிளப் எவரையும் வாங்கலாம் என்றால் ஏழைக் கிளப்புகள் இரண்டே ஆண்டில் மடிந்துவிடும். அதனால்தான் அடுத்தடுத்துச் சம்பள உச்சவரம்பு வந்தது. கடைசி இடத்தில் முடித்த அணி முதலில் ஆள் எடுக்கும் ‘டிராஃப்ட்’ முறையும் வந்தது. கிளப் பிரதிநிதிகள் கூடி முடிவெடுத்த காலம் போய், சுதந்திரமான ஒரு கமிஷன் கையில் லீக் ஒப்படைக்கப்பட்டது. தேசிய லீக் ஒரு கனவுத் திட்டமாகப் பிறந்தது என்று அதிகாரபூர்வ மலர்கள் எழுதும். அந்த ஆண்டுகளின் கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்கிறது. 1987இல் பெர்த்தின் வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸும் குயின்ஸ்லாந்தின் பிரிஸ்பேன் பேர்ஸும் சேர்க்கப்பட்டன. ஒவ்வொன்றும் 40 லட்சம் டாலர் நுழைவுக் கட்டணம் கட்டியது. அந்தப் பணம் கடனில் கிடந்த பழைய கிளப்புகளுக்கு ஆக்சிஜன் ஆயிற்று.

1990இல் வி.எஃப்.எல். பெயர் மாற்றிக்கொண்டு ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக் ஆனது. அதே ஆண்டு அடிலெய்டில் பெரிய குடும்பச் சண்டை. உள்ளூர் லீக் ‘இப்போதைக்குச் சேர மாட்டோம்’ என்று நின்றபோது, போர்ட் அடிலெய்டு கிளப் ரகசியமாக மெல்பர்னில் இருந்த லீக் தலைமையோடு பேசியது. விஷயம் வெளியே வந்ததும் மற்ற கிளப்புகள் கொதித்து நீதிமன்றம் போயின. அவசர அவசரமாக அடிலெய்டு குரோஸ் என்று பொது அணி ஒன்றைத் திரட்டி 1991இல் களமிறக்கினார்கள். போர்ட் அடிலெய்டு 1997 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1992இல் ஈகிள்ஸ் ஜீலாங்கை வென்று, கோப்பையை முதன்முறையாக விக்டோரியாவுக்கு வெளியே கொண்டுபோனது.

அதே காலத்தில் மெல்பர்னில் பழைய பேட்டை அணிகள் தடுமாறின. நகரின் மேற்கே ஃபுட்ஸ்கிரே. தொழிற்சாலை, துறைமுகத் தொழிலாளர்கள் வாழ்ந்த பேட்டை. பிறகு வியட்நாமிலிருந்து படகேறி வந்தவர்களும் குடியேறிய இடம். 1989 அக்டோபரில், ஃபுட்ஸ்கிரே கிளப் ஃபிட்ஸ்ராயோடு இணைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. அதாவது இனி அது இல்லை. கிளப்பின் உறுப்பினரான ஒரு பெண் தடை கேட்டு நீதிமன்றம் ஏறினார். பீட்டர் கார்டன் என்ற இளம் வழக்கறிஞர் முன்னின்றார். கடனை அடைக்க மூன்று வாரம் அவகாசம் கிடைத்தது. அந்த மூன்று வாரமும் சிக்னலில், கடைத்தெருவில், வீட்டு வாசலில் தகர உண்டியல் குலுங்கியது. பிள்ளைகள் சேமிப்பை உடைத்துக் கொண்டுவந்தார்கள். பணம் சேர்ந்தது, கிளப் பிழைத்தது. இந்த நூற்றாண்டு கடந்த வரலாற்றில் இதைவிடப் பெரிய வெற்றி எந்த மைதானத்திலும் நடக்கவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஃபிட்ஸ்ராய்க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1897இன் எட்டு கிளப்புகளில் ஒன்று, எட்டு முறை சாம்பியன். சொந்த மைதானம் இல்லாமல் பல ஆண்டுகள் மைதானம் மைதானமாக அலைந்தது. கடன் கொடுத்திருந்தது எங்கோ பசிபிக்கில் இருக்கும் நவுரு தீவின் காப்பீட்டு நிறுவனம். 1996இல் அது பணத்தைக் கேட்டு நிர்வாகியை நியமித்தது. நார்த் மெல்பர்னோடு இணைய ஃபிட்ஸ்ராய் விரும்பியது. அப்படி இணைந்தால் நார்த் அசைக்க முடியாத அணியாகிவிடும் என்று மற்ற கிளப்புகள் தடுத்தன. முடிவில் பிரிஸ்பேன் பேர்ஸோடு இணைத்து பிரிஸ்பேன் லயன்ஸ் ஆக்கினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று பெர்த்தில் ஃபிரீமேன்டிலிடம் 86 புள்ளிகளில் தோற்று ஃபிட்ஸ்ராய் விடைபெற்றது. கடைசி ஆட்டம்கூடச் சொந்த ஊரில் இல்லை. அதன் சின்னமான சிங்கம் பிரிஸ்பேன் ஜெர்சிக்குப் போனது. பிரெஞ்சு தேசிய கீதத்தின் மெட்டில் அமைந்த கிளப் பாட்டும் போனது. 2001, 2002, 2003 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லயன்ஸ் கோப்பை வென்றபோது, முதியவர்கள் சிலர் அந்த மெட்டுக்கு வாயசைத்தார்கள். சிலரோ 1996க்குப் பிறகு ஃபுட்டி பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். இரு தரப்பையும் குறை சொல்ல முடியாது.

இன்று 18 அணிகள். கோல்ட் கோஸ்ட் 2011இலும், மேற்கு சிட்னியின் ஜி.டபிள்யு.எஸ். 2012இலும் சேர்ந்தன. 19ஆவது உரிமம் 2023இல் டாஸ்மேனியாவுக்குக் கிடைத்தது. ஆரம்பத்திலிருந்தே ஃபுட்டி ஆடும் அந்தத் தீவு இத்தனை காலம் வரிசையில் நின்றது அநியாயம். 2025இல் தொடங்கிய ஏழு ஆண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு 450 கோடி ஆஸ்திரேலிய டாலர். 18 அணிகளில் பத்து இன்னமும் விக்டோரியாவில்தான். இறுதிப் போட்டி 2050களின் கடைசி வரை மெல்பர்னிலேயே நடக்கும் என்று ஒப்பந்தம். பெர்த்காரர்களுக்கு இது ஆறாத வருத்தம். அதில் நியாயம் இருக்கிறது.

2005இல் கோப்பையை உயர்த்திய பால் ரூஸ் ஃபிட்ஸ்ராயின் பழைய கேப்டன். பதினோரு ஆண்டுகள் கழித்து, 2016 இறுதிப் போட்டியில் சிட்னி ஸ்வான்ஸை எதிர்த்து நின்றது வெஸ்டர்ன் புல்டாக்ஸ். தகர உண்டியலால் பிழைத்த அதே ஃபுட்ஸ்கிரேதான், 1997 முதல் இந்தப் பெயரில். ஊரை விட்டுப்போன பேட்டையும் போக மறுத்த பேட்டையும் 99,981 பேர் முன்னால் மோதின. புல்டாக்ஸ் 22 புள்ளிகளில் வென்றது. 1954க்குப் பிறகு அதன் முதல் கோப்பை. முழங்கால் காயத்தால் பருவத்தின் பெரும்பகுதி ஆட முடியாமல் போன கேப்டன் பாப் மர்ஃபியை மேடைக்கு அழைத்து, பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் தன் பதக்கத்தைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். மர்ஃபி பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.