ஆதம் மலையும் இஸ்ராயீலிய்யாத்தும்

இலங்கை முஸ்லிம்களின் தொன்மையைப் பேசப் புகுந்தால் நாம் முதலில் சுட்டுவது பாவா ஆதம் மலையைத்தான். சுவனத்திலிருந்து இறக்கப்பட்ட ஆதம் (அலை) அவர்கள் ஸரந்தீபில், அதாவது நமது இலங்கையில், கால் பதித்தார்கள் என்பது வழிவழியாக வரும் பேச்சு. 1344இல் இந்நாட்டுக்கு வந்த இப்னு பதூதா அம்மலையில் ஏறியதும் அந்தப் பாதச்சுவட்டைக் காணவே.

இச்செய்தியின் ஊற்று எது? திருக்குர்ஆன் ஆதமின் இறக்கத்தைக் கூறுகிறது. இடத்தின் பெயரைக் கூறவில்லை. யூதர்களின் ஆதியாகமத்திலும் ஸரந்தீப் இல்லை. 923இல் மறைந்த தபரி தொகுத்த அறிவிப்புகளில் ஆதம் ஹிந்திலும் ஹவ்வா ஜித்தாவிலும் இறங்கியதாக வருகிறது. 14ஆம் நூற்றாண்டில் திமஷ்கில் வாழ்ந்த இப்னு கதீர், அஃராஃப் அத்தியாய விரிவுரையில் இவற்றை எடைபோடுகிறார். இவ்விடப் பெயர்களெல்லாம் இஸ்ராயீலிய்யாத்தில் போய் முடிகின்றன. அவற்றின் உண்மையை அல்லாஹ்வே அறிவான். அவற்றை அறிவதில் நமக்குப் பயன் இருந்திருப்பின் இறைவனோ தூதரோ சொல்லியிருப்பார்கள் என்பது அவர் கருத்து.

இஸ்ராயீலிய்யாத் என்பன வேதக்காரர் வழியாக, பெரும்பாலும் யூதர் வழியாக, நம்மிடம் வந்து சேர்ந்த கதைகள். ஏட்டில் உள்ளவற்றோடு ஏட்டைச் சுற்றி வளர்ந்த வாய்மொழிகளும் இவற்றில் அடங்கும். படைப்பின் தொடக்கத்தை அறியும் ஆவலில் அரபிகள் வேதக்காரரை வினவினர் என்று இப்னு கல்தூன் காரணம் காட்டுகிறார். கஃபுல் அஹ்பார், வஹ்ப் இப்னு முனப்பிஹ் ஆகியோரின் பெயர்கள் இவ்வகையில் அடிக்கடி வரும்.

இவற்றை என்ன செய்வது? ஸஹீஹுல் புகாரியில் இரு வழிகாட்டல்கள் உள. பனூ இஸ்ராயீலரின் செய்திகளை எடுத்துச் சொல்வதில் குற்றமில்லை என்பது ஒன்று. வேதக்காரரை உண்மையென்றும் ஏற்காதீர், பொய்யென்றும் தள்ளாதீர் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் இணைத்து அறிஞர்கள் மூவகை கண்டனர்: நமது மூலங்கள் மெய்ப்பிப்பவை ஏற்கத்தக்கவை, அவற்றோடு முரண்படுபவை தள்ளத்தக்கவை, எஞ்சியவை சொல்லலாம், ஆனால் சான்றாகா. 3333 முழ உயரமுடைய ஊஜ் என்னும் அரக்கன் கதையை இப்னு கதீர் இரண்டாம் வகையில் வைத்து மறுத்தார். ஆதமே 60 முழம், பின்வந்தோர் குறைந்தே வந்தனர் என்ற நபிமொழிக்கு அது முரண் அல்லவா?

நமது ஆதம் மலைக் கதை மூன்றாம் வகை. அதைச் சொல்லலாம், சுவைக்கலாம், கவிதையும் செய்யலாம். நான் வாழும் லக்கல மலைகளுக்கும் இராவணன் கதை உண்டு. மலை இருந்தால் கதை வளரும். ஆனால் கதையை நம்பிக்கையின் கடமையாக்கவோ, மண்ணுரிமைக்குச் சாட்சியாக நிறுத்தவோ கூடாது. அதே சுவட்டைப் பௌத்தர் புத்தரின் ஸ்ரீபாதம் என்பர். சைவர் சிவனொளிபாதம் என்பர். நமது உரிமைக்கு வேறு சான்றுகள் உண்டு: கல்வெட்டுகள், வணிகப் பதிவுகள், பயணக் குறிப்புகள். உறுதியற்ற அறிவிப்பின்மேல் வழக்காடுபவன், அந்த அறிவிப்பு சாயும்போது உண்மையான வழக்கையும் இழப்பான். நமது முன்னோர் கதையைக் கதையாகவும் சான்றைச் சான்றாகவும் வைக்கக் கற்றுத் தந்தார்கள். அந்தப் பிரிகோட்டைக் காப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.