மூளைவழித் தொடுவுணர்வு

மூளைவழித் தொடுவுணர்வு என்பது, பெருமூளைப் புறணியில் விரல்களுக்கு உரிய பகுதியை மெல்லிய மின்துடிப்பால் தூண்டி, செயற்கைக் கையில் ஒரு பொருள் பட்டதை நோயாளி தன் விரலிலேயே பட்டதாக உணரும்படிச் செய்யும் முறை. இயந்திர விரலில் உள்ள உணரி அழுத்தத்தை அளக்கும். கணினி அந்த அளவை மின்துடிப்பாக மாற்றும். மூளையில் பதித்த நுண்மின்முனைகள் அதை உரிய இடத்தில் கொண்டு சேர்க்கும். கையை அசைக்கும் கட்டளையை மூளையிலிருந்து படித்து எடுப்பது ஒரு வேலை. உணர்ச்சியை மூளைக்குள் எழுதுவது அதற்கு நேர் எதிரான வேலை. முன்னதைப் பற்றித்தான் செய்தித்தாள்கள் அதிகம் எழுதின, கடினமானது பின்னது.

வேலூர்ப் பாடம்

இந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுக்கூடங்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால், தொடுவுணர்வு போனால் கை என்ன ஆகும் என்பதைக் கண்ணெதிரே காட்டிய இடம் வேலூர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்றே அதுவரை பலரும் நம்பினர். சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் தூக்குவது, மண்வெட்டியை வேண்டிய அளவுக்கு மேல் இறுக்கிப் பிடிப்பது, பூட்டில் மாட்டிக்கொண்ட சாவியைத் தோல் கிழியும்வரை திருகுவது என உணர்விழந்த கை படும் அன்றாடக் காயங்களே விரல்களைத் தின்றன என்பதைப் பிராண்ட் கண்டறிந்தார். இரவில் படுத்தவர் காலையில் எழும்போது விரலில் ஒரு பகுதி காணாமல் போயிருக்கும். காவல் இருந்து பார்த்தபோது எலி கடித்தது தெரிந்தது. நோயாளிக்கு வலிக்கவே இல்லை. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை ஒன்றும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார்கள்.

பிராண்ட் பின்னாளில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய், செயற்கை வலியையே உருவாக்க முயன்றார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்த உணரிகள் வைத்தார். அழுத்தம் மிகுந்தால் காதில் ஒலி கேட்கும். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு அக்குளில் மின்அதிர்ச்சி தரும்படி மாற்றினார். உணர்விருந்த இடம் என்பதால் அது சுருக்கென்று வலித்தது. அவர்களோ, கடின வேலை செய்யும் நேரத்தில் கருவியை நிறுத்திவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி இயக்கிக்கொண்டார்கள். முயற்சி கைவிடப்பட்டது. காதுக்கோ அக்குளுக்கோ வரும் செய்தியைக் கை தன்னுடையது என்று ஏற்பதில்லை. பின்வந்த மூளை ஆய்வுகள் அனைத்துக்கும் இந்தத் தோல்வியே சரியான முன்னுரை என்று சொல்லலாம்.

மூளையில் உள்ள கை

கை விரலில் இருக்கிறதா, மூளையில் இருக்கிறதா என்ற கேள்விக்கு அறுவைக் கூடத்தில் விடை கிடைத்தது. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது என்பதால், மண்டையைத் திறந்த பின்னும் நோயாளியை விழித்திருக்க வைத்துப் பேச முடியும். 1909-இல் மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், விழித்திருந்த இருவரின் மூளையில் நடுப்பள்ளத்திற்குப் பின்புறம் மின்சாரம் கொடுத்தபோது, தொடாத கையில் உணர்ச்சி ஏற்பட்டதாக அவர்கள் சொன்னார்கள். மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு அதே வழியில் நூற்றுக்கு மேற்பட்டோரிடம் சோதித்து, 1937-இல் எட்வின் போல்ட்ரியோடு சேர்ந்து உடலின் வரைபடத்தையே வெளியிட்டார். அதில் உதடும் விரலும் முதுகைவிடப் பெரிய இடத்தைப் பிடித்திருந்தன. ஆனால் பென்ஃபீல்டின் நோயாளிகள் உணர்ந்தது பெரும்பாலும் மரமரப்பும் கூச்சமுமே. பொருளைத் தொட்டது போன்ற உணர்வு அரிது. மூளையின் மேற்பரப்பில் வைத்த பெரிய மின்முனை ஒரே நேரத்தில் பல்லாயிரம் நரம்பணுக்களைத் தட்டி எழுப்பியதே காரணம்.

மின்முனையைப் புறணிக்குள் நுண்ணிதாகச் செலுத்தினால் நிலைமை மாறும் என்பதை 1998-இல் மெக்சிகோவின் ரனுல்ஃபோ ரோமோ குழு காட்டியது. குரங்கின் விரல்நுனியில் இரண்டு அதிர்வுகளை அடுத்தடுத்துக் கொடுத்து, எது வேகமானது என்று தேர்ந்தெடுக்கப் பழக்கினார்கள். பிறகு ஓர் அதிர்வுக்குப் பதிலாக மூளைக்கு மின்துடிப்பு கொடுத்தபோதும் குரங்கு ஏறக்குறைய அதே திறமையோடு விடை சொன்னது.

ராமச்சந்திரனும் அவர் கிளப்பிய விவாதமும்

தமிழ்நாட்டில் 1951-இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் இந்த வரலாற்றில் குறுக்கிட்டது வேறொரு வாசல் வழியாக. கை துண்டிக்கப்பட்ட இளைஞர் ஒருவரின் கண்ணைக் கட்டி, பஞ்சுக்குச்சியால் கன்னத்தைத் தொட்டார். கன்னத்தில் தொட்டது தெரிந்ததோடு, இல்லாத கையின் விரலிலும் தொட்டதாக அந்த இளைஞர் சொன்னார். பென்ஃபீல்டின் வரைபடத்தில் முகமும் கையும் அண்டை வீடுகள். கை போனதும் காலியான இடத்தை முகம் பிடித்துக்கொண்டது என்று 1990-களின் தொடக்கத்தில் ராமச்சந்திரன் விளக்கினார். கண்ணாடிப் பெட்டியில் நல்ல கையின் பிம்பத்தைக் காட்டி, இல்லாத கையின் வலியைத் தணிக்கும் அவரது எளிய முறை இன்று உலகெங்கும் மறுவாழ்வு மருத்துவத்தில் கையாளப்படுகிறது.

அவருடைய விளக்கம் முழுவதும் சரியானால், மூளைவழித் தொடுவுணர்வுக்கு அது கெட்ட செய்தி. விரலுக்கு உரிய இடத்தை வேறு உறுப்பு ஆக்கிரமித்துவிட்டால், அங்கே மின்துடிப்பு கொடுத்து என்ன பயன்? 2013 முதல் டாமர் மேக்கின் குழுவினரின் ஆய்வுகள் கைக்குரிய வரைபடம் அழியாமல் இருப்பதைக் காட்டின. கையை அகற்றும் அறுவைக்கு முன்பும் பின்பும் மூவரின் மூளையைப் படம்பிடித்து 2025-இல் வெளியிட்ட ஆய்வு அதை இன்னும் உறுதிப்படுத்தியது: கை போய் 5 ஆண்டு வரை ஆன பின்னும் வரைபடம் அப்படியே இருந்தது. ராமச்சந்திரனின் நோயாளி உணர்ந்ததில் பொய்யில்லை. அதற்குத் தந்த காரணமே இப்போது ஆட்டம் காண்கிறது.

பிட்ஸ்பர்க், 2015

வரைபடம் அழிவதில்லை என்பதற்கு மிகப் பெரிய சான்று நேதன் கோப்லண்ட். 2004-இல், 18 வயதில், கார் விபத்தில் கழுத்துத் தண்டுவடம் சிதைந்து, கைகால் உணர்வை இழந்தவர். 2015-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு அவரது மூளையில் நான்கு நுண்மின்முனைத் தகடுகளைப் பதித்தது. இரண்டு அசைவைப் படிக்க, இரண்டு உணர்வை எழுத. பத்தாண்டுக்கு மேல் எந்தச் செய்தியும் வராத இடம் முதல் துடிப்புகளிலேயே விழித்துக்கொண்டது. கண்ணைக் கட்டி இயந்திர விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தியபோது, எந்த விரல் என்று 84 விழுக்காடு சரியாகச் சொன்னார். இதன் விவரம் 2016 அக்டோபரில் வெளிவந்தது. அதே மாதம் கோப்லண்ட், அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமாவின் முட்டியோடு அந்த இயந்திரக் கையின் முட்டியை இடித்து வாழ்த்தினார்; உலகம் அந்தப் படத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

படத்தைவிட முக்கியமானது 2021-இல் வந்த அளவீடு. பொருளை எடுத்து வேறிடத்தில் வைக்கும் சோதனையில், கண்ணால் மட்டும் பார்த்துச் செய்தபோது நடுமதிப்பாக 20.9 நொடி பிடித்தது. தொடுவுணர்வையும் சேர்த்ததும் 10.2 நொடியாகக் குறைந்தது. பிடிபட்டதா இல்லையா என்று உற்றுப் பார்த்துத் தடுமாறும் நேரமே மிச்சமானது.

சிகாகோவில் ஸ்லிமன் பென்ஸ்மையா வகுத்த கொள்கை இந்த ஆய்வுகளுக்கு முதுகெலும்பு: இயல்பான கை மூளைக்கு அனுப்பும் செய்தியின் வடிவத்தையே முடிந்தவரை போலச் செய்ய வேண்டும். 2023-இல் அவர் காலமானார். அடுத்தடுத்த மின்முனைகளை வரிசையாக இயக்கி, விளிம்பு, வளைவு, தோல்மேல் நகரும் அசைவு ஆகியவற்றை உணர வைத்த ஆய்வு 2025 ஜனவரியில் வெளியானது. வெப்பமும் வழவழப்பும் இன்னும் முழுமையாகக் கைக்கு எட்டவில்லை. மண்டையோட்டில் கம்பி இணைப்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது; தொற்று வரலாம்; மின்முனைகள் சில காலப்போக்கில் செயலிழக்கின்றன.

கிள்ளான் பள்ளத்தாக்கில்

பிராண்டின் பாடம் மலேசியத் தமிழருக்குப் புதிதல்ல. 1930-இல் தொடங்கிய சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பில் சீனர், மலாய்க்காரரோடு தமிழரும் வாழ்ந்தார்கள். தொழுநோய் உணர்வைப் பறித்த கைகள் அங்கே கண்ணெதிரே இருந்தன. இன்று கம்போங் மேடான், கிள்ளான் பழைய சாலை வட்டாரங்களில் கை இழப்புக்குக் காரணமாவது நோயைவிட இயந்திரமும் சாலையும். ஒரு வேறுபாட்டை இங்கே தெரிந்துகொள்வது நல்லது. பிரஸ் மெஷினில் கையிழந்தவருக்குத் துண்டான இடத்துக்கு மேலே நரம்பு உயிரோடு இருக்கிறது. அவருக்கு மண்டையைத் திறக்கத் தேவையில்லை. பட்டாசு விபத்தில் இடக்கையை இழந்த டென்மார்க்கின் டென்னிஸ் ஆபோ சோரன்சனுக்கு, மேற்கை நரம்புகளில் பதித்த மின்முனைகள் வழியாகவே ரோமில் தொடுவுணர்வு கொடுத்தார்கள். 2014-இல் அது வெளியானது. மூளைவழி முறை முதன்மையாகத் தண்டுவடம் முறிந்து, நரம்புப் பாதையே அறுந்தவர்களுக்கு.

இவ்விரு முறைகளில் எதுவும் இன்னும் கடைச்சரக்காகவில்லை. பயன்படுத்துவோர் அனைவரும் ஆய்வில் பங்கேற்பவர்களே. உணர்ச்சியுள்ள கை தருகிறோம் என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். வேலையிடத்தில் கையிழந்த சந்தாதாரருக்குச் சாதாரணச் செயற்கைக் கையும் மறுவாழ்வுப் பயிற்சியும் மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் திட்டத்தின்கீழ் கிடைக்கின்றன. 2017-ஆம் ஆண்டுச் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் டாக்சி, கிராப் ஓட்டுநர்களும் சந்தா கட்டிச் சேர வேண்டும்.