ஆறு பென்ஸ் முதல் முப்பது பவுன் வரை

நாள்தோறும் இரயில் வண்டியில் கல்லூரிக்குச் சென்று வரும் மாணவர் பலரிடம் சீசன் சீட்டு உண்டு. முன்னதாகப் பணம் கட்டுகிறோம். அதற்கு ஈடாகக் கட்டணத்தில் சலுகை பெறுகிறோம். இங்கிலாந்து நாட்டில் கால்பந்தாட்டம் காண்பதற்கும் இத்தகைய சீசன் சீட்டு உண்டு. ஆயினும் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உளது. இரயிலில் இன்ன இருக்கை நமக்கே உரியது என்று சொல்லவியலாது. கால்பந்து மைதானத்திலோ, சீசன் சீட்டு வாங்கியவருக்கு ஓர் இருக்கை ஆண்டு முழுவதும் உரியது; அவர் விரும்பினால் அடுத்த ஆண்டும் பெரும்பாலும் அவருக்கே கிடைக்கும். தந்தையின் பக்கத்தில் அமர்ந்து ஆட்டம் கண்ட சிறுவன், பின்னாளில் தன் மகனை அதே வரிசைக்கு அழைத்துச் செல்வதும் உண்டு. ஆதலின் அச்சீட்டின் விலை உயரும்போது எழும் வினா பணத்தைப் பற்றியது மட்டுமன்று, நீதியைப் பற்றியதுமாகும். அவ்வினாவின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

நெசவாலைகளில் பெண்களும் இளைஞரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை செய்யலாகாது என்று 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. இந்த அரைநாள் ஓய்வு பையப் பையப் பிற தொழிலாளர்க்கும் கிட்டிற்று. அந்த ஓய்வு நேரத்தை நிரப்ப வந்ததே கால்பந்தாட்டம். பர்மிங்ஹாம் நகரில் ஜவுளிக் கடை நடத்தியவரும், ஆஸ்டன் வில்லா கழகத்தின் நிருவாகிகளுள் ஒருவருமான வில்லியம் மக்கிரிகர் என்பாரின் முயற்சியால், 1888-ஆம் ஆண்டில் பன்னிரண்டு கழகங்கள் கூடிக் கால்பந்து லீக்கைத் தோற்றுவித்தன.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1890-இல், லீக் ஒரு விதி செய்தது: வயது வந்தோர்க்கு நுழைவுக் கட்டணம் ஆறு பென்ஸுக்குக் குறையலாகாது என்பதே அது. ஆட்டக்காரர்க்குச் சம்பளம் கொடுப்பதற்கு வாயிலில் வசூலாகும் பணமே முதன்மையான வழியாக இருந்த காலம் அது. இவ்விதி உச்சவரம்பன்று, கீழ்வரம்பு என்பதை நினைவிற் கொள்ளுங்கள். முதல் உலகப் போருக்குப் பின் அது ஒரு ஷில்லிங்காக உயர்ந்தது. அக்காலத்தில் சீசன் சீட்டு, கூரையின் கீழ் இருக்கை பெறக்கூடிய வசதியுள்ளோர்க்கே பெரிதும் உரியதாக இருந்தது. தொழிலாளரோ வாயிலிற் காசு கொடுத்து நுழைந்து, திறந்த படிக்கட்டுகளில் நின்றுகொண்டே ஆட்டம் கண்டனர்.

அத்தகைய படிக்கட்டுகளுள் புகழ்பெற்றது, லிவர்பூல் கழகத்தின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 1906-இல் எழுந்த 'ஸ்பியான் காப்'. தென்னாப்பிரிக்காவில் 1900-ஆம் ஆண்டு சனவரியில் போயர்ப் போரின்போது பல வீரர் மாண்ட குன்றின் பெயர் அது. அப்போர்க்களத்தில் அடிபட்டவர்களைத் தூக்கிச் சென்ற இந்தியத் தொண்டர் படையை நடத்தியவர் காந்தியடிகள் என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் நலம்.

1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஒரு பேரிடர் நேர்ந்தது. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் நசுங்கி லிவர்பூல் ஆதரவாளர் 97 பேர் உயிரிழந்தனர். இதனை ஆராய்ந்த நீதிபதி டெய்லர், 1990 சனவரியில் வெளியிட்ட தம் இறுதி அறிக்கையில், பெரிய மைதானங்களில் அனைவர்க்கும் இருக்கை அமைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். அதைக் காரணங்காட்டி, நின்று காணும் எளியவரால் கொடுக்கவியலாத அளவுக்கு விலை உயர்தல் கூடாது என்பதும் அவர் கருத்தாகும். முதற் பரிந்துரை நிறைவேறியது. 'காப்' படிக்கட்டும் 1994-இல் இருக்கைகளுக்கு வழிவிட்டது. இரண்டாவது கருத்தோ ஏட்டளவில் நின்றுவிட்டது.

இருக்கைகள் பெருகின, அவற்றோடு சீசன் சீட்டுகளும் பெருகின, விலையும் ஏறிற்று. நியூகாசில் கழகம் 1994-இல், ஐந்நூறு பவுன் கொடுப்போர்க்குப் பத்தாண்டுக் காலம் சீசன் சீட்டு வாங்கும் உரிமை உண்டு என்று பத்திரங்களை விற்றது. 1999-இல் மைதானத்தை விரிவுபடுத்தியபோது, நல்ல இடத்தில் இருந்த பலரை வேறிடத்துக்கு மாற்றி, அவ்விடத்தை மிகுந்த விலை கொடுக்கும் விருந்தினர்க்கு ஒதுக்க முனைந்தது. பத்திரம் வாங்கியோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். இடத்தை மாற்றக் கழகத்துக்கு ஒப்பந்தத்தில் அதிகாரம் உண்டு என்று 2000-ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. எழுத்துப்படி அத்தீர்ப்பு சரியாக இருக்கலாம். ஆனால் சட்டத்துக்கு ஒத்ததெல்லாம் நியாயத்துக்கும் ஒத்ததாகுமா என்ற வினா எஞ்சி நின்றது.

அவ்வினாவுக்கு மற்றொரு விடை 2016-இல் கிடைத்தது. லிவர்பூல் கழகம் பெரும்பொருட் செலவில் புதிய மாடம் எழுப்பியது. அடுத்த ஆட்ட ஆண்டிற்கு உயர்ந்த சீட்டின் விலையை 59 பவுனிலிருந்து 77 பவுனாகவும், உயர்ந்த சீசன் சீட்டின் விலையை 1,029 பவுனாகவும் அறிவித்தது. ஒன்பது பவுனுக்கும் சில சீட்டுகள் உண்டு என்று கழகத்தார் விளக்கினர். ஆதரவாளர் மனம் ஆறவில்லை. பிப்ரவரி 6-ஆம் நாள் சன்டர்லாந்து அணியுடன் நடந்த ஆட்டத்தில், 77-ஆவது நிமிடத்தில் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் எழுந்து வெளியேறினர். அப்பொழுது லிவர்பூல் இரண்டு கோல் முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியும்போது கணக்கு இரண்டுக்கு இரண்டு! நான்கு நாட்களில் கழக உரிமையாளர் மன்னிப்புக் கோரி, 77 பவுன் சீட்டைக் கைவிட்டு, இரண்டு ஆட்ட ஆண்டுகளுக்கு விலையை உயர்த்துவதில்லை என உறுதி கூறினர். அடுத்த மாதமே பிரீமியர் லீக் கழகங்கள் கூடி, வெளியூர் ஆட்டம் காணச் செல்வோரிடம் முப்பது பவுனுக்கு மேல் வாங்குவதில்லை என முடிவு செய்தன.

கழகங்களின் பக்கத்திலும் காரணம் இல்லாமலில்லை. ஆட்டக்காரர் ஊதியமும் கட்டடச் செலவும் பெரியவை. விலையை மிகக் குறைத்தால், சீட்டுகளை வாங்கிக் கள்ள விலைக்கு விற்போரே பயனடைவர் என்பதும் உண்மையே. ஆனால் வாணிக நியதி இங்கே முழுதும் பொருந்தாது. அரிசி விலை ஒரு கடையில் ஏறினால் அடுத்த கடைக்குச் செல்கிறோம். லிவர்பூலின் ஆதரவாளர் விலைக்கு அஞ்சி எதிரணிக்கு ஆதரவாளர் ஆகிவிடுவாரா? மாறமாட்டார் என்பதை அறிந்தே விலை ஏற்றுவது, அன்பையே கருவியாக்கிப் பணம் பறிப்பதாகும். மேலும், 2016 முதல் மூன்று ஆட்ட ஆண்டுகளுக்கு உள்நாட்டுத் தொலைக்காட்சி உரிமை மட்டும் 500 கோடிப் பவுனுக்கு மேல் விலைபோயிற்று. மைதானம் நிறைந்து ஆரவாரம் எழுவதாலன்றோ அவ்வாட்டம் அத்தனை விலை பெறுகிறது? அந்த ஆரவாரத்தைத் தருபவர் காசும் கொடுத்து உள்ளே வருபவரே.

1890-இல் இதற்குக் குறையலாகாது என்றது விதி. 126 ஆண்டுகளுக்குப் பின் இதற்கு மேற்போகலாகாது என்றது மற்றொரு விதி. முன்னது கழகத்தின் வருவாயைக் காத்தது. பின்னது காண்பவரைக் காத்தது. எனினும் வெளியூர் செல்வோர்க்கே அந்த வரம்பு. உள்ளூர்ச் சீசன் சீட்டுக்கு அத்தகைய பொது வரம்பு இன்றும் இல்லை. நியூகாசில் ஆதரவாளர்க்கு நீதிமன்றம் தராததை, லிவர்பூல் ஆதரவாளர்க்கு ஒற்றுமை தந்தது. கல்லெறியாமல், ஆட்டத்தைத் தடுக்காமல், எழுந்து நடந்தே அவர்கள் அதைப் பெற்றனர் என்பதை மாணவர் மனத்திற் கொள்வாராக.