புழுங்கல் அரிசியும் பெரிபெரியும்

"புழுங்கல் அரிசியா? வாடை வருதே, சார்!" என்று முகம் சுளிக்கும் மாணவர்கள் நம் வகுப்பில் உண்டு. அந்த வாடைக்குப் பின்னால் நம் நாட்டு வரலாறு ஒன்று இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி நோய் மலாயாவில் பல்லாயிரம் பேரைக் கொன்றது. கால் மரத்துப் போகும், வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கச் சீனத் தொழிலாளர்கள்தான் அதிகம் செத்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. நம்மவங்க சாப்பிட்டது புழுங்கல். நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்து, காரணம் அரிசிதான் என்று 1907இல் நூலே எழுதினார். ஆனால் அரிசியில் நஞ்சு இருப்பதாக அவர் நினைத்தார். அங்கேதான் தவறினார்.

1905இன் இறுதியில் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படைக்கு ஒரு அரிசி, இரட்டைப்படைக்கு இன்னொன்று. ஓராண்டில் வெள்ளை அரிசி உண்ட பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் உண்டவர்களில் ஒருவருக்கும் புதிதாக நோய் வரவில்லை. அந்த 18 பேரிடம் யாராவது சம்மதம் கேட்டிருப்பார்களா? மாணவர்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள், வகுப்பு அமைதியாகிவிடும்.

பிறகு பிரேசரும் ஸ்டான்டனும் ஜெலெபு சாலைத் தொழிலாளர்களிடம் சோதித்து, தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒரு சத்து போய்விடுகிறது என்று காட்டினார்கள். அது வைட்டமின் பி1. ஜாவாவில் 1926இல் பிரித்தெடுத்தார்கள்.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவித்தால் அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். அரைக்கும்போது குருணையும் குறையும். அதே வயல், அதே தண்ணீர். தட்டுக்கு வரும் முழு அரிசி கூடுதல். அவிக்க விறகு வேண்டும், அதையும் கணக்கில் சேர்க்கணும். வெள்ளை வெளேரென்று தீட்டினாலோ, விளைந்ததில் ஒரு பங்கு தவிடாகிக் கால்நடைத் தீவனத்துக்குப் போகிறது.

தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு சொல்: "நம் முன்னோர் வைட்டமின் அறிந்து புழுக்கினார்கள்" என்று எழுதாதீர்கள். பழக்கம் முந்தியது, விளக்கம் பிந்தியது. வீட்டில் பாட்டி இருந்தால், தோட்டத்தில் எந்த அரிசி பொங்கினாங்க என்று கேட்டு எழுதி வாருங்கள்.