திடீர்னு ஊட்டி கிளம்பறீங்களா?

"காலையில ஊட்டி போயிட்டு ராத்திரிக்குள்ள வந்துடலாமா?" சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போதுதான் இந்தப் பேச்சு கிளம்பும். கோவையிலிருந்து சுமார் 86 கிலோமீட்டர்தான், தாராளமா போகலாம். ஆனால், சொந்த கார் என்றால் பெட்ரோலுக்கு முன்னாடி இ-பாஸ். 2024 மே மாதத்திலிருந்து இது கட்டாயம். ஆன்லைனில் இலவசமாகவே எடுக்கலாம். சீசனில் வாகனங்களுக்கு வரம்பு உண்டு என்பதால், பாஸ் கைக்கு வந்த பிறகு பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கிடைக்கலையா? மேட்டுப்பாளையத்தில் அரசு பஸ் ஏறிடுங்க.

மேட்டுப்பாளையம் மலை ரயில் ஒருநாள் பயணத்துக்கு ஒத்துவராது. காலை 7.10-க்குக் கிளம்பினால், ஊட்டி சேரவே நண்பகல் ஆகிடும். ஆசைக்கு குன்னூர் - ஊட்டி வரை மட்டும் போகலாம்.

தொட்டபெட்டா, படகு இல்லம், ரோஜாப் பூங்கா என எல்லாத்தையும் பார்க்கணும்னு நினைத்தால், டிராஃபிக்கிலேயே பொழுது போய்விடும். 1848-ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா ஒன்றே போதும். பெரியவர்கள் புல்வெளியில் உட்காரலாம், குட்டீஸ் ஓடி விளையாடலாம்.

கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வரும் பிள்ளைகளுக்குக் காலையில் இரண்டு இட்லி போதும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கோங்க. மே மாதம்தானேன்னு ஸ்வெட்டரை விட்டுட்டுப் போகாதீங்க.

மாலை 4 மணிக்கு இறங்க ஆரம்பிச்சிடுங்க. இருட்டும் பனிமூட்டமும் சேர்ந்தால் பழகாத டிரைவருக்குக் கஷ்டம். எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள்; பிரேக்கை மட்டுமே நம்பினால் சூடாகிப் பிடிக்காமல் போகலாம். வர்க்கியை மதியமே வாங்கி வெச்சுக்கோங்க!