ஜக்கூரின் இரண்டாவது இருக்கை

பெங்களூருவின் வடக்கே, பெல்லாரி சாலையோரம் இருக்கிறது ஜக்கூர் விமானத்தளம். 1940களின் கடைசியில் மைசூர் அரசு இங்கே விமானப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. கேப்டன் வி. சுந்தரம் அதன் முதல்வர். அவருடைய மனைவி உஷா, 1949-இல் அங்கே பயிற்சி முடித்துத் தேறிய முதல் பெண். 1951-இல் மதராஸ் அரசு வாங்கிய டவ் விமானத்தை இந்தத் தம்பதி லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள்.

உஷாவானாலும் சரி, எந்த பைலட்டும் முதல்முறை ஸ்டிக்கைப் பிடிக்கும்போது லைசென்ஸ் இல்லாதவர்தான். அவரைக் காப்பது இரட்டைக் கட்டுப்பாடு. 1917-இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித்-பாரி அதை ஒழுங்கான பயிற்சி முறையாக்கினார். மாணவன் தடுமாறினால் ஆசிரியர் தன் ஸ்டிக்கால் சரிசெய்வார். இரைச்சலுக்கு நடுவே பேச அன்று ஒரு குழாயும் இருந்தது.

இந்தியாவுக்கு அந்த இரட்டை ஸ்டிக்கைச் செய்துகொடுத்த ஊர் பெங்களூரு. வி. எம். காட்கே வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி விமானம், 1951 ஆகஸ்டில் முதன்முறை பறந்தது. அதில் ஆசிரியரும் மாணவரும் முன்பின்னாக உட்கார வேண்டும். 1958-இல் வந்த புஷ்பக்கில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். நாடெங்கும் ஃப்ளையிங் கிளப்புகள் அதை வாங்கின.

பக்கத்து இருக்கையில் மாணவர் மட்டுமே உட்கார்வதில்லை. நண்பர் வருவார், மகன் வருவான். “கொஞ்சம் பிடித்துப் பார்” என்று சொல்லப் பைலட்டுக்கு மனம் வரும். அந்தப் பாசத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஏற்க முடியாது. ஓட்டத் தெரிந்த எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கத் தெரியாது. அடுத்தவர் கையிலிருந்து விமானத்தை எந்த நொடியில் வாங்கவேண்டும் என்பது பயிற்சியாளர் தனியே கற்கும் வித்தை.

1994 மார்ச்சில் ஏரோஃப்ளாட் கேப்டன் ஒருவர் தன் பதின்வயது மகனைப் பெரிய பயணிகள் விமானத்தின் பைலட் இருக்கையில் உட்காரவைத்தார். பையன் கட்டுப்பாட்டை அழுத்திப் பிடித்ததில் ஆட்டோபைலட்டின் ஒரு பகுதி விலகியது. யாரும் கவனிக்கவில்லை. விமானம் சைபீரியாவில் விழுந்து 75 பேர் இறந்தார்கள்.

1996 ஏப்ரலில் அமெரிக்காவில் நடந்தது வேறு மாதிரி. விமானம் ஓட்டிச் சாதனை படைக்க முயன்ற 7 வயது ஜெசிகா டூப்ராஃபுடன் பயிற்சியாளரே இருந்தார். சாதனை அவசரத்தில் மோசமான வானிலையில் கிளம்பினார்கள். விமானம் விழுந்து, அவள் தந்தை உட்பட மூவரும் மாண்டார்கள். சாதனைக்காக லைசென்ஸ் இல்லாதவரிடம் கட்டுப்பாட்டைத் தருவதை அதே ஆண்டில் அங்கே சட்டம் தடைசெய்தது.

இந்தியாவில் 16 வயதானால் மாணவர் லைசென்ஸ் பெறலாம். ஜக்கூரிலேயே என்.சி.சி. விமானப் பிரிவும் இருக்கிறது. பறக்க ஆசைப்படும் பிள்ளையை அங்கே சேருங்கள்; பைலட்டாக இருக்கும் மாமாவிடம் ஸ்டிக்கைக் கேட்க அனுப்பாதீர்கள்.