கட்டபொம்மன் பஸ்ஸில் ஏறியவர்கள் சுந்தரலிங்கம் பஸ்ஸில் ஏன் ஏறவில்லை?

நகரங்களுக்கான நிலைத்த போக்குவரத்து பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். காரைக் குறை, பஸ்ஸைக் கூட்டு, புகையை அடக்கு, நடந்து போகிறவருக்கு இடம் விடு. 2006-ல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வண்டிகளைவிட மனிதர்களின் நகர்வுதான் முக்கியம் என்றது. இதில் நமக்கு மறுப்பு இல்லை. எந்த மனிதர்கள் என்று மட்டும் அதை எழுதியவர்கள் கேட்கவில்லை. குளத்தூர், விளாத்திகுளம், கோவில்பட்டி என்று இந்தக் கரிசல் காட்டில் வேலை செய்கிற நாம் அதைக் கேட்காமல் இருக்க முடியாது தோழர்களே.

இந்தியாவுக்கு ரயில் வந்தால் சாதியின் அடித்தளமான பரம்பரைத் தொழில் பிரிவினை கரைந்துபோகும் என்று 1853-ல் கார்ல் மார்க்ஸ் எதிர்பார்த்தார். ரயில் வந்தது. 1929-ல் அம்பேத்கர் ரயிலில்தான் சாலிஸ்காவுன் போய் இறங்கினார். ஆனால் ஸ்டேஷனிலிருந்து அவரைக் குதிரை வண்டியில் ஏற்றி ஓட்ட எந்த வண்டிக்காரரும் தயாராக இல்லை. வண்டியை மட்டும் வாடகைக்குத் தந்தார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் வண்டி மோதி அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. பாரிஸ்டர் படிப்பு படித்தவருக்கே இந்தக் கதி. திருவிதாங்கூரில் 1893-லேயே அய்யன்காளி சொந்தமாக வில்வண்டி வாங்கிப் பொதுச்சாலையில் ஓட்டியது ஏன் அவ்வளவு பெரிய கலகமாக இருந்தது என்று இப்போது புரியும்.

தமிழ்நாட்டில் பொதுச்சாலை, கிணறு எல்லாம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். சாலை திறந்தது, காகிதத்திலாவது. அடுத்து அந்தச் சாலையில் தனியார் பஸ் வந்தது. பஞ்சமருக்கு இடமில்லை என்று பஸ் முதலாளிகள் டிக்கெட்டிலேயே அச்சடித்தார்கள். நம் பக்கத்து மாவட்டமான இராமநாதபுரத்தில் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். அறிவுரை சொல்லவில்லை, லைசென்ஸில் கை வைத்தார். முதலாளிக்கு அந்த மொழிதான் புரியும். சென்னை தியாகராய நகர் பாண்டி பஜார் அவர் பெயரில் உள்ள கடைவீதிதான். 2019-ல் அங்கே காருக்கான இடத்தைக் குறைத்து நடைபாதை வளாகம் திறந்தார்கள். நிலைத்த போக்குவரத்துக்கு உதாரணமாக அதைக் காட்டிப் படம் எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த லைசென்ஸ் உத்தரவு தெரியும்?

1972-ல் தொடங்கி அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. பல்லவன், பாண்டியன், சேரன், சோழன், பிறகு கட்டபொம்மன். அரசு பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்காரலாம் என்பது சின்ன விஷயமல்ல. ஆனாலும் எங்கே நிற்கும் என்பது வேறு கதை. ஊரில் நிற்கிற பஸ் காலனி விலக்கில் நிற்காது. தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகள் மட்டும் விடிவதற்கு முன்பே தெருமுனைக்கு வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போயின. வேலைக்கு அழைத்துப்போக வண்டி இருந்தது, பள்ளிக்கு இல்லை. 2021-ல் வந்த மாரி செல்வராஜின் 'கர்ணன்' படத்தில் பஸ் நிற்காத ஊரைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். இங்குள்ளவர்கள் படவில்லை.

1995-ன் தென்மாவட்டக் கலவரங்களுக்குத் தொடக்கப்புள்ளி, ஜூலை இறுதியில் வீரசிகாமணியில் பஸ் டிரைவருக்கும் நம் பள்ளி மாணவர்களுக்கும் நடந்த தகராறு. அதன் தொடர்ச்சியாக ஆகஸ்ட் 31 அன்று ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கொடியன்குளத்துக்குள் சுமார் 600 போலீசார் புகுந்து வீடுகளைச் சூறையாடினார்கள், கிணற்றுத் தண்ணீரையும் கெடுத்தார்கள்.

1997-க்கு வருவோம். விருதுநகரில் தொடங்கிய புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு அன்றைய தி.மு.க. அரசு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. யார் சுந்தரலிங்கம்? ஓட்டப்பிடாரம் அருகே கவர்னகிரியில் பிறந்தவர், கட்டபொம்மனின் தளபதி, 1799-ல் வெள்ளையரை எதிர்த்து உயிர்விட்டவர். அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் மறுத்தார்கள். பஸ்கள் கல்வீச்சுக்கு ஆளாயின, கலவரம் மூண்டது. கட்டபொம்மன் பெயர் எழுதிய பஸ்ஸில் ஆண்டுக்கணக்காகப் பயணம் செய்தவர்கள்தான் இவர்களும். அரசனின் பெயர் உறுத்தவில்லை, அவனோடு நின்று செத்த தளபதியின் பெயர் உறுத்தியது. டீசல் அதேதான், கட்டணம் அதேதான், சீட்டும் அதேதான்.

அரசு என்ன செய்தது? ஜூலையில் எல்லாக் கழகங்களின் பெயரையும் மாவட்டங்களின் பெயரையும் மொத்தமாக அழித்தது. சேரனும் போனான், சோழனும் போனான், வள்ளுவரும் போனார். இதைச் சமத்துவம் என்று இன்றும் சிலர் பாராட்டுகிறார்கள். நம் கணக்கில், கல்லெறிந்தவர்கள் கேட்டதைவிட அதிகமாகவே பெற்றார்கள். அதே ஆண்டு ஜூன் 30 அன்று, மதுரையில் கலெக்டர் அலுவலகம் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவருடன் இருந்தவர்களையும் வழிமறித்து வெட்டினார்கள். ஆறு பேர் இறந்தார்கள். 2025 மார்ச்சிலும் இதே தூத்துக்குடி மாவட்டத்தில், திருவைகுண்டம் பக்கம், பரீட்சை எழுதப் போன நம் மாணவனைப் பஸ்ஸிலிருந்து இழுத்துப்போட்டு விரல்களை வெட்டினார்கள்.

அமெரிக்காவின் மாண்ட்கமரியில் 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள், சமமாக உட்காருவதற்காக. இங்கே புறக்கணித்தவர்கள் மேலே இருந்தவர்கள். சமூகவியல் படிக்கிற தம்பி தங்கைகள் இந்த இரண்டு புறக்கணிப்புகளையும் ஒப்பிட்டு ஆய்வேடு எழுதலாம், பொருள் அங்கே கிடக்கிறது.

சொந்த வண்டி இல்லாதவர்களுக்குப் பஸ்தான் கால். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. களை எடுக்கப் போகிற அம்மாவுக்கும் கல்லூரிக்குப் போகிற மகளுக்கும் அது எவ்வளவு பெரிய உதவி என்பது நேரில் பார்க்கிற நமக்குத் தெரியும். ஆனால் நிற்காத பஸ்ஸில் இலவசம் இருந்து என்ன? கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று சென்னையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கும் இதே கேள்விதான்: வேலை ஓர் இடத்தில், வீடு ஓர் இடத்தில், நடுவில் பஸ்.

சட்டம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் அமலில் உள்ளது. பொதுப் போக்குவரத்து வாகனத்தையும் சாலையையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம் என்று பிரிவு 3(1)(za) சொல்கிறது. சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டவிடாமல் தடுப்பதும் அதே பிரிவில் வரும். புகார் எழுதும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். எழுதுவதற்கு முன் உங்கள் தடத்தின் நிறுத்தப் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு வாரம் விலக்கில் நின்று, எந்தப் பஸ் எத்தனை மணிக்கு வந்தது, நின்றதா, நிற்காமல் போனதா என்று நோட்டில் குறியுங்கள். பட்டியலையும் நோட்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் டிப்போ மேனேஜரைப் பார்க்கப் போக வேண்டும்.